குக்குறுவான் சேதி சொன்ன அக்காவுக்கு

எங்கள் நாய் பிஞ்சு நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். ஊசிக்காக முடி மழித்த முன்காலை நக்குகிறாள், அதட்டினால் நிறுத்துகிறாள், நான் குனிந்து எழுதத் தொடங்கியதும் மறுபடி நக்குகிறாள். அவள் அங்கே இருந்த 9 நாட்கள் எப்படிப் போயின என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

நள்ளிரவில் கதவைத் திறந்த மருத்துவர்கள், தங்கள் நாயை அழைத்துவந்து ரத்தம் கொடுக்கவைத்த முன்பின் தெரியாத குடும்பம், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியர்கள், பைனாகுலரைக் கையில் திணித்துவிட்டுப் போன நண்பன் என எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன். இந்த மடல், நோயாளிக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு.

இரண்டாம் நாள் மதியம் மருத்துவமனையின் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ‘டுக் டுக் டுக்’ என்று செம்பைத் தட்டுவதுபோல் சத்தம், நிற்காமல். எரிச்சலாக இருந்தது. வாளியோடு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். “அண்ணாந்து பாருங்கள் தம்பி. அந்தப் பட்ட கிளைக்கு அடியில்.”

எலுமிச்சம்பழம் நுழையும் அளவில் ஒரு பொந்து. அதற்குச் சற்று மேலே, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பருத்த பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, தொண்டை மஞ்சள். செம்மார்புக் குக்குறுவான். கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். சத்தம் நாலு பக்கமிருந்தும் வருவதாகத் தோன்றியது அதனால்தான். மறுநாள் பைனாகுலரில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கூவும்போது அது அலகைத் திறப்பதே இல்லை. தொண்டை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்குகிறது. அவ்வளவு சத்தமும் மூடிய வாய்க்குள்ளிருந்து!

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. ஒன்று பறந்து வந்து பொந்தருகே ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியேறும். வந்தது உள்ளே நுழையும். இந்த முறைமாற்றத்தைப் பார்ப்பதற்காக நான் அரை மணி, ஒரு மணி என்று அசையாமல் காத்திருந்தேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அதுவும் என்னோடு அந்தப் பெஞ்சில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பிஞ்சுவின் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கவில்லை. கையில் இருந்த போனைக்கூட மறந்தேன்.

காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்தால் பெரும்பாலும் அக்காதான் எடுப்பார். “நாயைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும் தம்பி, நான் சொல்லக் கூடாது” என்பார். அந்த விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. கொஞ்சம் நிறுத்தி, “குருவி எழுந்துவிட்டது. உச்சிக்கொம்பில் வெயில் காய்கிறது” என்பார்.

இது எனக்கு என்னவாக இருந்தது என்பதை அவர் அறிவாரா என்று தெரியவில்லை. அவர் குருவியைப் பற்றி நிதானமாகப் பேசினால் பிஞ்சு இரவைத் தாண்டிவிட்டாள் என்று நானாகவே எடுத்துக்கொள்வேன். ஐந்தாம் நாள் காலை, “இரண்டும் இருக்கின்றன தம்பி. நீங்கள் சீக்கிரம் கிளம்பி வாருங்கள்” என்று மட்டும் சொன்னார். குரல் கம்மியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பிஞ்சுவின் கூண்டருகே, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அது அவருடைய வேலை அல்ல. பிஞ்சுவின் மூக்கு அவருடைய உள்ளங்கையில் இருந்தது.

மருத்துவமனைக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்ட கிளையை வெட்டிவிடாதீர்கள். பச்சை மரத்தைக் குடையும் வலு இந்தச் சிறிய அலகுக்கு இல்லை; உளுத்த கிளைதான் வேண்டும். எங்கள் வீட்டு மரத்திலும் ஒரு காய்ந்த கிளை இருக்கிறது. அதை வெட்டச் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். பிஞ்சு எத்தனை நாள் இருப்பாளோ, 11 வயதாகிறது. அது வரையிலும், அதற்குப் பிறகும், அந்தக் கிளை தானாக விழும்வரை நிற்கட்டும்.

அக்கா, நேற்று நாங்கள் கிளம்பும்போது ஒரு குக்குறுவான் அலகில் பழத்தோடு பொந்துக்குள் போனதைப் பார்த்தேன். குஞ்சு பொரித்துவிட்டது போலிருக்கிறது. உங்களைத் தேடினேன், அன்று உங்களுக்கு விடுமுறை என்றார்கள். குஞ்சு முதன்முதலாகத் தலையை நீட்டும் நாளில் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நாயைப் பற்றி இனி நான் உங்களுக்குச் சொல்கிறேன்: காலையில் கஞ்சி குடித்தாள். வாசல்வரை தானே நடந்தாள். இப்போது மறுபடியும் காலை நக்குகிறாள்.