நாயின்ர மூக்கும் சம்மந்தியின்ர வெட்கமும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைச்சுது. இஞ்ச எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை.

மகன் வாங்கின நாய் சம்மந்தி அம்மாவின்ர கவட்டடியில மூக்கை வைச்சிட்டுது, மனிசி முகத்தைத் தூக்கிக்கொண்டு போட்டுது எண்டு எழுதியிருந்தாய். என்ர மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சு ஓயேல்லை. ஆனா அதுக்காக நீ நாய்க்கு அடிச்சது எனக்குப் பிடிக்கேல்லை. விலங்கியல் படிப்பிச்சவன் எண்ட உரிமையில சொல்லுறன், கேள்.

எங்கட வேர்வைச் சுரப்பி ரெண்டு விதம். உடம்பு முழுக்க இருக்கிறது வெறும் தண்ணி வேர்வை. மற்றது கமக்கட்டிலையும் கவட்டடியிலையும்தான் கூட. அந்தத் தடிச்ச வேர்வையிலதான் அவரவற்ற சொந்த மணம். கமக்கட்டு நாய்க்கு எட்டாது, எட்டினதை மோக்குது. நாயும் நாயும் சந்திச்சா எங்க மோக்கும் எண்டு உனக்குத் தெரியாதே? ஆணோ பெண்ணோ, என்ன திண்டது, எங்க போய் வந்தது, எல்லாம் அதுக்கு மணத்தில கிடைக்கும். மாதவிலக்கு நாளிலையும் பிள்ளை பெத்த புதுசிலையும் பொம்பிளையளைக் கூட மோந்து பாக்கும். நான் சின்னக்கடைக்குப் போட்டு வந்தா மீன் பையை விட்டிட்டு என்ர சாறத்தைத்தான் எங்கட நாய் முதல் மோக்கும்!

எங்கட மூக்கில மணம் பிடிக்கிற கலங்கள் 50 இலட்சம் அளவில. நாய்க்கு 20 கோடிக்கு மேல. விடுற மூச்சு மூக்கின்ர பக்கத்து வெட்டால போறதால, உள்ள வாற மணம் கலையாது.

பயந்தவனை நாய் கண்டுபிடிக்கும் எண்டு ஊரில சொல்லுறவையெல்லோ? 2022இல பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில பாத்தவை: ஒரே ஆள் அமைதியா இருக்கேக்கையும் பதட்டப்படேக்கையும் எடுத்த வேர்வையையும் மூச்சையும் நாயள் பிரிச்சுக் காட்டிச்சுதுகள்.

அடிச்சா அது வாற ஆக்களைக் கண்டு பயப்படத்தான் பழகும். ஆள் வரேக்க 'இரு' எண்டு இருத்தி, இருந்தா ஒரு துண்டு இறைச்சி குடு. சம்மந்தியை ஒரு பக்கமாத் திரும்பி நிக்கச் சொல்லு, கையை மோந்திட்டுப் போகும். நாய் உடம்பு விறைச்சு, கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டால் மட்டும் விலகுங்கோ, அது வேற கதை.

நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறதெண்டால் முன்னமே எழுது. மேல் அறை ஒழுகுது, ஓடு மாத்தோணும்.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குக் கூட்டாளி