‘யோசினை’ என்ற வருத்தம்

அன்பின் மச்சானுக்கு,

பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை.

மனநல வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். கிளிநொச்சியில் யாரும் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்செரிவு, உடம்பு உளைவு, நித்திரை இல்லை என்றுதான் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவார்கள். இரத்தம் சோதித்து, ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினால் அடுத்த கிழமையும் வந்து நிற்பார்கள். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, “வீட்டில் ஆர் ஆர் இருக்கிறீங்கள்?” என்று கேட்க வேண்டும். பிறகுதான், “யோசினை டொக்டர்” என்று தொடங்கும்.

சுனாமிக்குப் பிறகு, 2005 இல் வந்த மனநலக் கொள்கை இந்தச் சேவையை கொழும்புப் பக்கம் அங்கொடையில் இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. மூன்று மாதம் மனநலப் பயிற்சி பெற்ற என்னைப் போன்ற டொக்டர்மார் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் 2009 இல் போர் முடிந்து, சனம் ஆகவும் நொந்துபோயிருந்த நேரத்தில், வன்னியில் தொண்டு நிறுவனங்களின் உளசமூகப் பணிக்கு அனுமதி மறுத்தார்கள். வீடு கட்ட விட்டார்கள். ஒரு தாயோடு இருந்து கதைக்க விடவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை மச்சான்.

2015 இல் ஆட்சி மாறிய பிறகு சனம் கொஞ்சம் வாய் திறந்தது. 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அங்கிருந்து எழும்பி நேரே கிளினிக்குக்கு வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். போர் முடிவில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். தேர்தல் வந்தாலும் ஆணைக்குழு வந்தாலும் அவருக்கு நித்திரை போய்விடும். ஆரம்பத்தில் நான் பெரிய பிழை விட்டேன். “ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா” என்றேன். இரண்டு மாதம் அவர் வரவேயில்லை. உடலைக் காணாத தாயைத் திவசம் செய்யச் சொல்ல நான் யார்? அந்தப் பகுதி மருத்துவமாது வீட்டுக்குப் போய்த்தான் திரும்பக் கூட்டிவந்தார். இப்போது மகனைப் பற்றிக் கேட்கிறேன், அவ்வளவுதான். 2022 இல் குளிசைக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அவர் கிளினிக்கை விடவில்லை. “குளிசை இல்லாட்டிப் பரவாயில்லை, கதைச்சிட்டுப் போறன்” என்பார்.

2024 இல் ஆட்சி மறுபடி மாறிய கையோடு வந்து, “இந்த முறையாவது சரணடைஞ்ச ஆக்களின்ர பட்டியல் விடுவினமோ?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அடுத்த கிளினிக் திகதியைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாய். வந்தால் இங்கே இரண்டு நாளாவது நில்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்