பழைய அளவில் புது மருந்து: அந்த வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டாவை வீட்டிலேயே தயார் செய்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களெல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில், வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி எரிகிற புது வெடிமருந்து வந்துவிட்டது, பழைய மருந்தை எவ்வளவு போட்டார்களோ அதையே போட்டால் போதும் என்று ஒரு வரி வருகிறது. யார் சொல்லிக் கேட்டு எழுதினீர்களோ தெரியாது, அது ஆளைக் கொல்லும் வரி.

நான் அருவங்காட்டில் துப்பாக்கி மருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது காரமடைப் பக்கம் கறிவேப்பிலையும் கொஞ்சம் வாழையும் வைத்துக்கொண்டு காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபேக்டரிக்குள் நடப்பதைப் பற்றி வெளியில் பேசும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இங்கே எழுதுவதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதான். கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. புகையில்லா மருந்து வேறு சாதி, நைட்ரோ செல்லுலோஸ் அதற்கு அடிப்படை, 1884 வாக்கில் பிரான்சில் வந்தது. அது எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதைக் குருணையின் பருமன், வடிவம், மேல்பூச்சு இவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு மருந்து குழலுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே காட்டுப்பன்றித் தொல்லை நம் ஊரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நிலத்துக்காரர் சரியென்றால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை லைசென்ஸே வேண்டாம் என்று 2019இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அவனிடம் முப்பது-நாட்-ஆறு ரைஃபிள் இருக்கிறது, தோட்டாவை அவனே போட்டுக்கொள்வான். ஆஸ்திரேலியாவில் செய்து ஹாட்ஜ்டன் கம்பெனி விற்கும் எச் 4350 என்ற மருந்துதான் பழக்கம். கொரோனாவுக்கு அப்புறம் அது கடையில் கிடைப்பதே அரிதாகிப் போனது, அதனால் வின்செஸ்டரின் ஸ்டாபால் 6.5 டப்பாவை வாங்கி வந்தான். நான் அங்கே போயிருந்தபோது மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன், பழக்க தோஷம்.

முதல் வேலையாகப் பழைய டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். மேசை மேல் ஒரே ஒரு மருந்துதான் இருக்க வேண்டுமாம். மருந்து கொட்டும் குப்பியில் பெயரை எழுதிக் காகிதம் ஒட்டினான். தராசை அளவுக்கல் வைத்துச் சரிபார்த்தான். அப்புறம் எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று கம்பெனி போட்டிருக்கும் புத்தகத்தைத் திறந்து, அதே எடையுள்ள குண்டுக்குப் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்தான். புத்தகத்தில் தொடக்க அளவு இல்லாவிட்டால் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துக்கொள்வார்களாம். “அதுதான் உனக்குப் பழைய அளவு தெரியுமே” என்று வேண்டுமென்றே சீண்டினேன். “மாமா, டப்பா மாறினா கணக்கு முதல்ல இருந்துங்க, பழைய நோட்டைத் திறக்கவே கூடாதுங்க” என்றான்.

காரணம் சாதாரணமானது. எச் 4350 குச்சி குச்சியாக இருக்கும், ஸ்டாபால் உருண்டை. உருண்டை இடைவெளி விடாமல் நெருங்கி உட்காரும், அதனால் ஒரே கரண்டியில் அள்ளினாலும் எடை கூடிவிடும். எடையைச் சமமாக வைத்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை, எரியும் வேகம் வேறல்லவா? ஐ.எம்.ஆர். 4350 என்று இன்னொரு மருந்து உண்டு, எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போடக் கூடாது. அதே மருந்தாக இருந்தாலும் டப்பாவில் லாட் எண், அதாவது எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் எண், மாறினால்கூட விவரம் தெரிந்தவர்கள் உச்சத்திலிருந்து இறங்கி மறுபடி ஏறுவார்கள்.

அந்தத் தோட்டாவுக்குள் போகும் மருந்து அரை பவுன் நகையின் எடைகூட வராது. அது எரியும்போது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம் என்று அந்த ஊர்த் தொழில் விதி வரம்பு வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கால் கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் கணக்கு உண்டு. அதனால் அரை கிரெய்ன் அரை கிரெய்னாக ஏற்றினான். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன், பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் சில தோட்டா. சுட்டபிறகு தோட்டாவின் காலிக் கூட்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின் ஓரம் உருண்டையாக இருக்கிறதா, தட்டையாகப் பரவிவிட்டதா? கூட்டின் அடியில் பளபளவென்று ஏதாவது தழும்பு விழுந்திருக்கிறதா? குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் தூக்கும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுகினால் அதோடு நிறுத்தம். வேகம் அளக்கும் கருவியும் பக்கத்தில் இருந்தது, புத்தகத்தின் உச்ச வேகம் முன்னாடியே வந்துவிட்டால் மருந்து இன்னும் பாக்கி இருக்கிறதே என்று ஏற்றக் கூடாது. புத்தகத்து உச்ச அளவை எட்டும் முன்பே குறி நன்றாகக் கூடி வந்துவிட்டது, அங்கேயே நின்றுகொண்டான். பன்றிக்கு அது போதும். வெயிலுக்கு அசையாது என்பது அந்த மருந்தின் விளம்பரத்தில் உள்ளதுதான், பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் வெயிலைத் தாங்குவது வேறு, பழைய அளவுக்குப் பொருந்துவது வேறு.

சரி, டெக்சாஸ் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் ஆயுதச் சட்டம் பாயும். ஆனாலும் உங்கள் கட்டுரையைப் போட்டோ எடுத்து எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸோடு, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியை வைத்திருக்கும் குடியானவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது கருமருந்துக்கென்று செய்த குழல். அதில் புகையில்லா மருந்தைக் கிள்ளிப் போட்டால்கூடக் குழல் பிளந்துவிடும், இடது கை போகும், கண் போகும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், புகையில்லா மருந்தைத் திறந்த வெளியில் ஒரு சிட்டிகை வைத்துக் கொளுத்தினால் அது சோம்பலாகத்தான் எரியும். கருமருந்து புஸ்ஸென்று ஒரே நொடியில் போய்விடும். பார்க்கிறவனுக்கு ‘இது வீரியமில்லாத மருந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடலாம்’ என்றுதான் தோன்றும். அடைபட்ட குழலுக்குள் கதையே வேறு. அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் கூடும்.

பன்றியால் நொந்து போனவர்கள் என்ன செய்யத் துணிவார்கள் என்பதற்குத் தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயே சாட்சி. பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் சிதைந்து செத்த செய்திகளை நீங்களே போட்டிருக்கிறீர்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்று அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. எங்கள் தோட்டமெல்லாம் காட்டோரம், மூன்று கிலோமீட்டர் கணக்குக்குள் வராது. அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது கேட்பது இவ்வளவுதான். வழக்கம்போல் உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் ‘திருத்தம்’ போடாதீர்கள். கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்றும் வாய்வழித் துப்பாக்கியில் புகையில்லா மருந்து போடவே கூடாது என்றும் கண்ணில் படும்படி போடுங்கள். வாட்ஸ்அப்பில் அதையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரமடை