பொம்மைப் பாப்பாவின் அக்குள் கிழிசல்: வித்யாவுக்கு அம்மா எழுதுவது

மாட்டுங்கா, மும்பை
ஜனவரி

அன்புள்ள வித்யாவுக்கு,

சம்பந்தியம்மா நிஜக் குழந்தையாகவே நினைத்துக் கொஞ்சும் பொம்மைப் பாப்பாவை, நீ வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களில் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது அக்குளில் 3 செ.மீ. கிழிசல், வலது சுண்டுவிரல் நுனி போயிருக்கிறது, ஒரு கன்னத்தில் நிறம் உரிந்திருக்கிறது. மூன்றுமே வீட்டில் சரிசெய்யக்கூடியவைதான். போனில் சொன்னால் அளவுகள் நினைவில் நிற்காது, அதனால் எழுதுகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்த வகைப் பாப்பாக்களில் பலவற்றுக்கு, சூப்பான் ஒட்டி நிற்பதற்காக வாய்க்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். சூப்பானிலும் ஒன்று இருக்கும். சம்பந்தியம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. காந்தம் அதிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஆனால் அவர் பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்! இன்றைக்கே ஒரு ஸ்டீல் ஊசியை நூலில் கட்டி, பாப்பாவின் உதட்டருகே தொங்கவிட்டுப் பார். இழுத்தால் காந்தம் இருக்கிறது. சூப்பானைத் தூக்கிப் போட்டுவிடு. வாய்க்குள் இருப்பதை வெளியே எடுக்கும்வரை பாப்பாவை அவர் மடியில் கொடுக்காதே. காந்தத்துக்கு நேராகப் புதுப் பிளேடால் சின்னதாகக் கீறி, மரக்குச்சியால் நெம்பினால் வந்துவிடும். அந்தக் கீறலையும் அக்குளை ஒட்டும்போதே ஒட்டிவிடலாம். எடுத்த காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்து. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகும்.

அடுத்து, அது உண்மையிலேயே சிலிகான்தானா என்று பார். துணியால் மறைகிற இடத்தில், உள்மடிப்பில், சூடாக்கிய ஊசி நுனியால் லேசாகத் தொடு. சிலிகான் உருகாது. உருகி இழுபட்டால் அது டிபிஇ என்கிற ரப்பர் மாதிரிப் பிளாஸ்டிக், அல்லது வினைல். அப்படியானால் நான் கீழே எழுதுகிற எதுவும் ஒட்டாது, எனக்கு உடனே போன் செய்.

சிலிகானில் சிலிகானைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. ஃபெவிக்விக் போட்டால் கண்ணாடிபோல் இறுகி, கையை மடக்கும்போது வெடித்து, பக்கத்துத் தோலையும் சேர்த்துக் கிழிக்கும். பாத்ரூம் ஓரங்களுக்கு அடிக்கிற, வினிகர் வாடை வரும் சீலன்ட் ஒட்டத்தான் செய்யும். ஆனால் பாப்பாவின் தோலைவிட அது பல மடங்கு கெட்டி. மெத்தென்ற தோலும் கெட்டியான ஒட்டும் சேருகிற விளிம்பில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும். அதிலிருந்து வரும் அமிலம், வளைத்த இடத்தில் நிற்பதற்காக உள்ளே இருக்கும் கம்பியையும் அரிக்கும். மாப்பிள்ளை அவசரத்தில் கடைக்குப் போய் அதை வாங்கிவராமல் பார்த்துக்கொள்.

சிலிகானிலும் இரண்டு வகை உண்டு, பிளாட்டினத்தால் இறுகுவது, தகரத்தால் இறுகுவது. நல்ல பாப்பாக்கள் பெரும்பாலும் பிளாட்டினம் வகை. நான் கூரியரில் அனுப்புவதும் அதுதான்: ஈகோஃப்ளெக்ஸ் 00-30 என்கிற மெத்தென்ற சிலிகான், ஏ பாட்டில் ஒன்று, பி பாட்டில் ஒன்று; இரண்டையும் கலந்தால்தான் இறுகும். கூடவே சில்-பாக்ஸி என்கிற சிலிகான் பசை ட்யூப் ஒன்று, சிலிகான் நிறமிகள் ஐந்து, கெட்டியாக்கும் திரவம் ஒரு குப்பி. துடைப்பதற்கான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும், சிலிகானைத் தளர்த்துவதற்கான நாப்தாவும் தீப்பற்றும் பொருள் என்பதால் கூரியரில் வராது. தில்லியிலேயே காரி பாவ்லிக்குப் பக்கத்தில் திலக் பஜாரில் இரண்டும் கிடைக்கும். ஆல்கஹால் 99 சதவீதம் என்று கேட்டு வாங்கு. மருந்துக்கடை 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கும். ஹேண்ட் சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும், அது பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது.

பிளாட்டினம் சிலிகானுக்குக் கந்தகம் ஆகாது. ரப்பர் கையுறை, ரப்பர் பேண்ட், சில மேக்கப் ஸ்பாஞ்ச், கந்தகம் கலந்த களிமண் எது பட்டாலும் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் இறுகாது. வினைல் கையுறை மட்டும் போடு. முதலில் பாப்பாவின் உள்ளங்காலில் ஏ, பி சேர்த்த கலவையைப் (கலக்கும் முறை கீழே) பட்டாணி அளவு வைத்து ஒரு நாள் விட்டுப் பார். சுத்தமாக இறுகி, நகத்தால் நெம்பினாலும் பெயராமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். அடியில் பிசுக்கு இருந்தால் பாப்பா தகரம் வகை, அல்லது யாரோ ஏற்கனவே ஏதோ தடவியிருக்கிறார்கள்.

இனி அக்குள். பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடை. முக்கி எடுக்காதே, கிழிசல் வழியாக உள்ளே போகும் நீர் வெளியே வராது. நன்றாகக் காயவிட்டு, பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுக் கிழிசலின் இரண்டு உதடுகளையும் துடை. கால் மணி நேரம் விடு. அதன்பிறகு விரல் படக்கூடாது, நம் தோலின் எண்ணெயே ஒட்டைக் கெடுத்துவிடும்.

கிழிசல் வாய் தானாக மூடிக்கொள்ளும்படி கையை உடம்போடு சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்; அந்த நிலையில்தான் காய வேண்டும். கையை நீட்டி வைத்து ஒட்டினால் மடக்கும்போது சுருக்கம் விழும். சில்-பாக்ஸி ட்யூபிலிருந்து பற்குச்சியால் எடுத்து இரண்டு உதடுகளிலும் 1 மி.மீ.க்கு மேல் போகாமல் மெல்லிசாகத் தடவு. கிழிசல் முடிகிற இரு முனைகளையும் தாண்டி 5 மி.மீ. வரை இழுத்துவிடு. கிழிசல் வளருவது முனையிலிருந்துதான், அதைக் கட்டாமல் விட்டால் நடுவில் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பயனில்லை. தடவியபின் 5 நிமிடத்துக்குள் சேர்த்து அழுத்து. வெளியே பிதுங்கியதை ஆல்கஹால் தொட்ட விரலால் சமன்செய். ஒரு பருத்தித் துணி நாடாவால் கையை உடம்போடு தளர்வாகக் கட்டி, 24 மணி நேரம் அப்படியே வை. இந்த ட்யூப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். இங்கே மும்பையில் சீக்கிரம் ஆகிவிடும். ஹீட்டர் போட்டு வறண்டுபோன தில்லி அறையில் மெதுவாகத்தான் ஆகும். தடிமனாகத் தடவினால் மேலே தோல் கட்டி உள்ளே கூழாக இருக்கும்.

அக்குள் அடிக்கடி மடங்குகிற இடம் என்பதால் ஒட்டு மட்டும் போதாது. மறுநாள், ரவிக்கைத் துணிக் கடையில் கிடைக்கும் பவர்மெஷ் வலைத் துணியைச் சோப்பில் அலசிக் காயவைத்து, 4 செ.மீ. நீளம் 1.5 செ.மீ. அகலத்துக்கு, மூலைகளை வட்டமாக வெட்டி எடு. ஒட்டின்மேல் சிலிகான் கலவையை மெல்லிசாகப் பூசி, வலையைப் படியவைத்து, மேலே இன்னொரு பூச்சு. ஓரங்களைத் தூரிகையால் இழுத்து மெலியவிட்டால் கைக்குத் தட்டுப்படாது.

கலவைக்கு ஏ ஒரு பங்கு, பி ஒரு பங்கு, எடையில் சமம். சமையலறைத் தராசு வேண்டாம், அது 1 கிராம் கூடக் குறையக் காட்டும். நகை நிறுக்கும் சின்னத் தராசு வாங்கிக்கொள். உனக்குத் தேவை 6, 7 கிராம்தான் என்றாலும் 10 கிராம், 10 கிராம் என்றே கல. அளவு குறையக் குறைய எடைப்பிழை பெரிதாகும். பிளாஸ்டிக் கிண்ணத்தில், ஓரத்தையும் அடியையும் வழித்து, 3 நிமிடம் மெதுவாகக் கிண்டு. முட்டை அடிப்பதுபோல் அடித்தால் குமிழ் நிறைந்துவிடும். நிறமி ஒன்றிரண்டு பற்குச்சி நுனி போதும், இறுகும் முன்பே பாப்பாவின் தோளருகில் வைத்துப் பார்த்துத் திருத்து.

23 டிகிரியில் இந்தக் கலவை 45 நிமிடம் வேலைக்கு வளைந்து கொடுக்கும், 4 மணி நேரத்தில் இறுகும். ஜனவரியில் உங்கள் வீட்டுப் பின்னறை இருக்கிற குளிருக்கு இந்தக் கணக்கு செல்லாது. ராத்திரி முழுக்கக் கிடந்தும் காலையில் தொட்டால் ஒட்டும். அதைப் பார்த்துக் கெட்டுப்போச்சு என்று சுரண்டிவிடாதே. வெந்நீர்ப் பையில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துண்டில் சுற்றிப் பாப்பாவின் அருகில் வைத்து, மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடு. அந்தக் கதகதப்பே போதும். பெட்டிக்குள் பல்பு எரியவிடுவது வேண்டாம்.

சுண்டுவிரலுக்கு அதே கலவையில் கெட்டியாக்கும் திரவம் ஒன்றிரண்டு சொட்டு விட்டால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அதற்கு முன், அறுந்த நுனியில் கம்பி தெரிகிறதா என்று கவனமாகப் பார். தெரிந்தால் மேலே பூசி மறைக்காதே. மூக்குக் குறடால் பிடித்து உருவி எடுத்துவிடு. சம்பந்தியம்மாவின் தோல் மெலிந்திருக்கிறது, சின்னக் கீறல் கூட எளிதில் ஆறாது. கம்பி இல்லாத விரல் வளைத்த இடத்தில் நிற்காது, அவ்வளவுதான், அவருக்கு அது ஒரு குறையாகவே படாது. நுனியை ஒரேயடியாகக் கட்டாமல் மூன்று நான்கு தடவையாக ஏற்று. ஆல்கஹால் தொட்ட தூரிகையால் வழவழப்பாக்கு. பாதி இறுகியபோது பற்குச்சியின் பின்புறத்தால் நகக்கோடு அழுத்தினால் போதும்.

கன்னத்து நிறம் உரிந்ததற்குக் காரணம் அது அக்ரிலிக் பெயின்ட். மிச்சத்தையும் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டு, சிலிகானிலேயே நிறம் கலந்து பூச வேண்டும். கலந்த சிலிகான் 10 கிராமுக்கு நாப்தா 10 கிராம் விட்டுத் தளர்த்தி நிறமி சேர். நாப்தா ஆவி தீப்பிடிக்கும். வெயில் விழும் மதிய நேரத்தில் பால்கனியில் வைத்துச் செய். அறையில் ஹீட்டரும் அடுப்பும் அணைந்திருக்கட்டும், சம்பந்தியம்மா வேறு அறையில் இருக்கட்டும். லேடெக்ஸ் இல்லாத ஸ்பாஞ்சின் ஓரத்தைக் கிள்ளியெடுத்து, அதால் ஒற்றி ஒற்றிப் போடு, இழுக்காதே. ஒரு பூச்சு மங்கலாகத்தான் தெரியும். நான்கைந்து மங்கலான பூச்சுகள் சேர்ந்தால்தான் தோல் மாதிரி ஆழம் வரும்.

நிறத்தைத் தொடுகிறாய் என்றால் பாப்பாவை நம் வீட்டுக் குழந்தையாகவே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. அந்த ரோஜா நிறம் அவருக்குப் பழகிய குழந்தைகளின் நிறமில்லை. மஞ்சள் காவியும் கருஞ்செம்மண் நிறமும் கலந்து முழு உடம்புக்கும் மெல்லிசாக இரண்டு பூச்சு கொடு. முட்டி, விரல் மூட்டு, காது மடலில் இன்னும் கொஞ்சம் கருமை. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிடு, அவை வெளிறித்தான் இருக்க வேண்டும். கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு கருப்பு நிறமியில் நிரந்தரமாகவே வைத்துவிடு. இல்லாவிட்டால் அவர் தினமும் மை தேடி வைப்பார், மையின் எண்ணெயில் தூசி படிந்து முகமெல்லாம் அழுக்காகும். கடைசிப் பூச்சு லேசாக ஒட்டும் பருவத்தில் சோள மாவைத் தூரிகையால் தொட்டுவிட்டால் பளபளப்பு அடங்கும். இறுகியபின் மிச்ச மாவைத் துடைத்து எடுத்துவிடு, ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.

தலைமுடி நடட்டுமா என்று கேட்டிருந்தாய். நுனி பிளந்த ஊசியால் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு இழையாக, சாய்வாகக் குத்தி நடுவது அழகாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்பேன். அவர் தலையை வருடிக்கொண்டே இருப்பார், முடி உருவி வரும், வாய்க்குப் போகும். நெருக்கமான துளைகள் சேர்ந்து மண்டையே கிழியவும் கூடும். கரும்பழுப்பு நிறமியில் மெல்லிய தூரிகையால் முடிக்கோடு வரைந்துவிடு.

கறை விஷயத்தில் ஜாக்கிரதை. கருப்பு அரைஞாண் கயிறு, சாயம் போகும் சிவப்புப் பட்டுத்துணி, குங்குமம், செய்தித்தாள் எல்லாமே சிலிகானுக்குள் சாயம் இறக்கும், பிறகு எடுப்பது கடினம். மஞ்சள் மட்டும் பரவாயில்லை. சோப்பால் கழுவி இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் வெளுத்துவிடும். புதுச் சட்டையை இரண்டு தடவை துவைத்த பிறகே போடு. தேங்காய் எண்ணெய் தடவ விடாதே.

எல்லாம் முடிய நான்கு நாளாவது ஆகும். அதுவரை பாப்பா எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். அக்குளை மட்டும் முதலில் முடித்து, இறுகியதும் ஒரு நாள் மடியில் கொடு. பிறகு ராத்திரி அவர் தூங்கியபின் வலையை வைத்துக்கொள். நிறம் பூசிய கலவை முழுதாக இறுகி, நாப்தா வாடை துளியும் இல்லாத வரை கையில் கொடுக்காதே, அவர் பாப்பாவுக்கு முத்தம் கொடுப்பவர்.

உள்ளங்கால் சோதனை முடிந்ததும் படம் அனுப்பு. அதைப் பார்த்துச் சொன்ன பிறகு அக்குளைத் தொடு.

அன்புடன்,
அம்மா