கரண்டியை நம்பாதே, நிறுத்துப் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அனுப்பிய தேயிலை கசக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். வேறு எதுவும் எழுதவில்லை. சரி, தேயிலையைப் பற்றியே எழுதுகிறேன்.

வீட்டில் நாம் கொதிக்கவிடுவது சிடிசி தூள், இலையை மெஷினில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டின குருணை. உனக்கு அனுப்பியது கோத்தகிரி ஆர்த்தடாக்ஸ், நொறுக்காமல் முறுக்கி எடுத்த முழு இலை. இரண்டுக்கும் ஒரே கரண்டிக் கணக்கு சரிப்படாது. தூளைத் தலைதட்டி ஒரு டீஸ்பூன் எடுத்தால் இரண்டரை, மூன்று கிராம் வரும். முறுக்கின நீள இலை இடைவெளி விட்டுக் கிடக்கும். அதே கரண்டியில் ஒன்றரை கிராம்தான் நிற்கும். பாக்கெட் ஆட ஆட நொறுங்கினது அடியில் போய்ச் சேரும், அது சீக்கிரம் சாறு இறங்கும். எடுக்கும் முன் பாக்கெட்டைப் படுக்கவைத்து மெதுவாகப் புரட்டிக்கொள்.

0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கு. 200 மில்லி கொதித்த தண்ணீருக்கு இரண்டரை கிராம், மூடி வைத்து மூன்று நிமிடம். பால் விடுவதானால் நான்கு கிராம், நான்கு நிமிடம். பிறகு இலையை வடித்து எடுத்துவிடு, பிழியாதே. ஃபேக்டரியில் ருசி பார்க்க 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் விடுவோம். அது தேயிலையின் குறையைக் காட்டப் போடும் சாறு, குடிக்க அல்ல.

சப்பென்று இருந்தால் அரை கிராம் கூட்டு. நிமிடத்தைக் கூட்டாதே. நேரம் ஏற ஏற தண்ணீரில் கூடுவது துவர்ப்பும் கசப்பும்தான். லண்டன் தண்ணீர் உப்புத் தண்ணீர் மாதிரி கடினம்; மேலே ஆடை படியும், நிறம் மங்கும், மணம் எழும்பாது. மணம் வரவில்லையே என்று நீ இன்னும் ஒரு கரண்டி போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருப்பாய். கசப்பு அங்கேதான் வந்திருக்கும். ஃபில்டர் ஜக்கில் வடித்த தண்ணீரைக் கொதிக்கவை.

ராத்திரி எத்தனை மணிக்கு டீ போடுகிறாய்? குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீன் பாதி உடம்பிலேயே நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டாம். வெறும் வயிற்றிலும் வேண்டாம், துவர்ப்பு குமட்டும். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. மாத்திரை போடுகிறாய் அல்லவா?

உன் பதவி உயர்வு மாமா சொல்லித்தான் தெரிந்தது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், எனக்கும் பெருமைதான். நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன தையில் நடந்ததை நான் எடுக்கப்போவதில்லை. அவன் வீட்டார் பேசினதையும் எடுக்கப்போவதில்லை. நீ ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் டீ குடிக்கிறாய் என்று மாமா சொன்னது மட்டும்தான் எனக்கு ஆறவில்லை. நாலு மணிக்கு மேல் வேண்டாம், பாப்பா. முதலில் சாப்பிடு.

மீதி இலையை ஃப்ரிட்ஜில் வைக்காதே, ஈரமும் வாசனையும் ஏறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வை.

நிறுத்துப் போட்டுப் பார்த்து எழுது. எத்தனை கிராம், எத்தனை நிமிடம், அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாய், மூன்றையும் எழுது.

அன்புடன்,
அப்பா