ஏசி வகுப்பின் ஜன்னல் பற்றி பள்ளி நிர்வாகத்துக்கு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஏசி வகுப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டும் பெற்றோரில் நானும் ஒருவன். போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, கார்பன் டை ஆக்சைடு அளக்கும் மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். (மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.) பள்ளி வாசலில் 430 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு. எல்லாம் சாத்திய வகுப்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது 2,100.

மதியத்துக்கு மேல் தூக்கமாக வருகிறது என்று மகள் சொல்லும்போதெல்லாம் தயிர் சாதத்தின் மேல்தான் பழி போட்டுவந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே போவது வெப்பமும் கொஞ்சம் தண்ணீரும்தான். நாற்பது பிள்ளைகள் விட்ட மூச்சு அங்கேயே சுற்றுகிறது. 2,100 என்பது நஞ்சு அல்ல, பயமுறுத்தவில்லை. ஆனால் ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அந்த எண்தான் கணக்கு. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் வகுப்பே ஏன் தும்முகிறது என்பதும் அதில் இருக்கிறது. 1,000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியின் மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1858லேயே சொல்லிவிட்டார். கொரோனாவுக்குப் பிறகு இங்கிலாந்து அரசு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது தூசியைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. மீட்டர் வாங்கினாலும் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்டிஐஆர் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். மலிவான சில பெட்டிகள் வேறு வாயுக்களை முகர்ந்து பார்த்து, குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டுகின்றன. மாட்டும் இடம் பிள்ளைகள் உட்காரும் உயரத்தில், ஜன்னலுக்கும் ஏசிக்கும் தள்ளி இருக்கட்டும்.

ஜன்னலைத் திறந்தால் மெயின் ரோட்டுப் புழுதியும் ஹாரனும் வரும், கரண்ட் பில்லும் ஏறும். சரி, நாள் முழுக்கத் திறக்க வேண்டாம். பீரியட் மாறும் ஐந்து நிமிடம் திறந்து பாருங்கள். போதாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றிப் பேசலாம்.

என் மீட்டரைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுக்கிறேன். ஒரு வாரம் ஆறாம் வகுப்பில் இருக்கட்டும். மணி அடிக்கும்போதெல்லாம் எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் பிள்ளைகளே எழுதட்டும். சார்ஜரும் சேர்த்தே வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா