பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் எப்போது வேண்டாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேட்டரி வண்டி என்றாலே லைசென்ஸ், நம்பர் பிளேட் தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 2(யு) அப்படிச் சொல்லவில்லை. இந்த விலக்கு கிடைக்க மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும்.

சிக்கல் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கண்ட்ரோலரில்தான். பல வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரே ஒரு வயர் இணைப்பு. அதைக் கழற்றிவிட்டு 25ஐத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். உரிமம், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் கட்டாயம். ஓட்டுவது பள்ளிப் பிள்ளை என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பாவம், வாங்கிக் கொடுப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. சோதனைச் சான்றின் நகலை பில்லோடு தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.